13 பேருக்கு ஆபீஸ்: காந்திபுரம் மாடியா, சரவணம்பட்டியா, பீளமேடு வீடா?

சிங்காநல்லூரான் (ஜனவரி 3, இரவு 10:40)

வணக்கமுங்க. கோவையில், அமெரிக்க கிளினிக்குகளுக்கு மெடிக்கல் பில்லிங் (சிகிச்சைக்கான பணத்தை இன்சூரன்ஸில் கேட்டு வாங்கும் வேலை) செய்து தரும் சின்ன நிறுவனம் நடத்துகிறேன். ஐந்து வருடமாக எங்கள் வீட்டு மாடியில்தான் ஓடுகிறது. நாலு பேரோடு ஆரம்பித்தது, இப்போது 13 பேர், அதில் எட்டு பேர் பெண்கள். காலை 7 முதல் 4 வரை ஒரு ஷிப்ட், மதியம் 1 முதல் இரவு 10 வரை ஒரு ஷிப்ட். மாடியில் துணி காயப்போட வேண்டும் என்றால் அம்மா எங்கள் சாப்பாட்டு நேரம் பார்த்து வரவேண்டிய நிலைமை. தெருவில் வண்டி நிறுத்துவதைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு தடவை சொல்லிவிட்டார், மூன்றாவது தடவை என்னிடம் சொல்லமாட்டார், கார்ப்பரேஷனுக்குத்தான் எழுதுவார்.

தை பிறந்ததும் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இதுவரை பார்த்தது நாலு இடம்.

காந்திபுரம் நூறடி ரோட்டுக்குப் பக்கத்தில் இரண்டாவது மாடி, 1,400 சதுரடி, சதுரடிக்கு 40 ரூபாய். வெறும் ஹால்தான், ஒன்றும் கிடையாது. பத்து மாத அட்வான்ஸ்.

சரவணம்பட்டியில் ஐடி கட்டடம், 1,200 சதுரடி, 52 ரூபாய், பராமரிப்பு தனியாக 8 ரூபாய். ஏசி, கண்ணாடித் தடுப்பு எல்லாம் இருக்கிறது. ஆறு மாத அட்வான்ஸ்.

அவினாசி ரோட்டில் கோவொர்க்கிங் (பல கம்பெனிகள் சேர்ந்து பயன்படுத்தும் ஆபீஸ்), ஒரு சீட்டுக்கு 6,500.

பீளமேட்டில் தனி வீடு, 1,300 சதுரடி, மொத்த வாடகை 38,000, அட்வான்ஸ் 3 லட்சம். ஓனர் ரிட்டயர்ட் வாத்தியார்.

சதுரடிக் கணக்கில் எது நியாயம், எங்கே குறைத்துப் பேசலாம், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோடு_எழுதுபவன் (ஜனவரி 3, இரவு 11:15)

சரவணம்பட்டி எடுங்க. ஆள் கிடைப்பது அங்கேதான். கிளையன்ட் வீடியோ காலில் வந்தால் பின்னாடி கண்ணாடி தெரியணும், வாத்தியார் வீட்டு மாமரம் தெரியக்கூடாது. மெட்ரோ வேற சத்தி ரோட்டில் வரப்போகுது.

உக்கடம்_பைபாஸ் (ஜனவரி 3, இரவு 11:32)

மெட்ரோவா? கோவைக்கும் மதுரைக்கும் 2025 நவம்பரில்தான் டெல்லியிலிருந்து திட்ட அறிக்கையைத் திருப்பி அனுப்பினார்கள், மக்கள்தொகை போதாது என்று. என்றைக்காவது வரலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வராத ரயிலுக்கு இன்றைக்கே சேர்த்து வாடகை கேட்கிறார்கள், நாமும் கொடுக்கிறோம்.

நாலாவது_ஆபீஸ் (ஜனவரி 4, காலை 6:20)

தம்பி, பதினொரு வருடத்தில் நாலு ஆபீஸ் மாறியவன் நான். அதில் மூன்று மாற்றம் என் சொந்த முட்டாள்தனத்தால் வந்தது, ஒன்றுதான் ஓனரால். அந்த உரிமையில் சொல்கிறேன், சதுரடி ரேட்டைத் தயவுசெய்து கடைசியில் பாருங்கள்.

முதலில் ஒரு டேப் வாங்குங்கள், 30 மீட்டர் டேப், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். புரோக்கர் சொல்லும் 1,400 என்பது படிக்கட்டு, வராண்டா, லிப்ட் குழி, சுவர் கனம், கீழே வாட்ச்மேன் உட்காரும் இடம் எல்லாவற்றிலும் உங்கள் பங்கைச் சேர்த்தது. உள்ளே மேசை போடக்கூடிய இடம் எவ்வளவு என்று நீங்களே அளந்தால்தான் தெரியும். என் இரண்டாவது ஆபீஸில் 1,000 என்று சொல்லி 655 இருந்தது. அதிலும் நடுவில் ஒரு தூண். அந்தத் தூணுக்கு மூன்று வருடம் வாடகை கட்டினேன்.

அளந்த பிறகு மாத வாடகையோடு நிறுத்தாதீர்கள். காந்திபுரம் வெறும் ஹால் என்கிறீர்கள். தடுப்பு, வயரிங், நெட்வொர்க் கேபிள், ஏசி, மேசை எல்லாம் சேர்த்து 9 லட்சம் ஆகும் என்று வையுங்கள், மூன்று வருடம் இருந்தால் மாதம் 25,000. பத்து மாத அட்வான்ஸ் 5 லட்சத்து 60 ஆயிரம் ஓனரிடம் சும்மா கிடக்கிறது. அதை 9 சதவீதத்துக்குக் கணக்குப் போட்டால் மாதம் 4,200. ஆக 56,000 என்று நீங்கள் நினைக்கும் இடம் 85,000 ஆகிவிட்டது, இன்னும் கரன்ட் பில் வரவில்லை. அதே கணக்கை நாலு இடத்துக்கும் போடுங்கள், எது மலிவு என்பது தலைகீழாக மாறினாலும் மாறும்.

இதெல்லாம் பணக்கணக்கு, எக்செல் போட்டுவிடும். நான் கேட்க வந்தது வேறு. உங்கள் 13 பேரும் எங்கிருந்து வருகிறார்கள், எந்த வண்டியில் வருகிறார்கள், இரவு 10 மணிக்கு முடிந்தால் எப்படி வீட்டுக்குப் போகிறார்கள்? பதிவில் எத்தனை சதுரடி எத்தனை ரூபாய் என்று இருக்கிறது, இது ஒரு வரி கூட இல்லை.

சிங்காநல்லூரான் (ஜனவரி 4, காலை 9:05)

நல்லா உறைக்கிற மாதிரி கேட்டீங்க அண்ணா. எழுதிப் பார்த்தேன். ஐந்து பேர் சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர் பக்கம். மூன்று பேர் பீளமேடு, சௌரிபாளையம். இரண்டு பேர் சூலூர். ஒருவர் கணபதி. ஒருவர் குனியமுத்தூர். ஒருவர் மேட்டுப்பாளையம் ரோட்டில் கவுண்டம்பாளையம். சரவணம்பட்டியில் ஒருவர் கூட இல்லை. இத்தனை நாள் கூடவே உட்கார்ந்து வேலை செய்கிறேன், இதை இப்போதுதான் ஒரு தாளில் எழுதுகிறேன்.

டேப் வாங்கிவிட்டேன். நாளைக்கு அளக்கப் போகிறேன்.

கோடு_எழுதுபவன் (ஜனவரி 4, காலை 9:40)

இருக்கிற 13 பேருக்கு மட்டும் பார்த்தால் எப்படி, அடுத்து எடுக்கப்போகும் 13 பேர் எங்கே இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா?

நாலாவது_ஆபீஸ் (ஜனவரி 4, காலை 10:10)

கேள்வி சரிதான். ஆனால் மெடிக்கல் பில்லிங்கில் ஒரு ஆளைப் பழக்க ஆறு மாதம் ஆகிறது. இருக்கிற ஐந்து பேர் தூரம் என்று நின்றுவிட்டால் புதிதாக வரும் 13 பேருக்கு யார் சொல்லிக்கொடுப்பது? எனக்கு அப்படித்தான் ஆனது. காளப்பட்டிக்கு மாறிய மூன்றே மாதத்தில் நாலு பேர் போனார்கள். ஒருவர் கூடக் காரணத்தை நேராகச் சொல்லவில்லை, எல்லோரும் "வீட்டில் சூழ்நிலை சரியில்லை" என்றுதான் எழுதிக்கொடுத்தார்கள்.

ஷிப்ட்_முடிஞ்சாச்சு (ஜனவரி 4, மதியம் 2:30)

நான் முதலாளி இல்லை, இதே பில்லிங் வேலையில் ஒன்பது வருடமாக இருக்கும் ஊழியர். இடம் பார்க்கும்போது முதலாளிகள் யாரும் பார்க்காத இரண்டு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று கழிவறை. எத்தனை இருக்கிறது என்று மட்டும் கேட்டால் போதாது, உள்ளே போய்க் குழாயைத் திறந்து பாருங்கள், ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்று பாருங்கள். முன்னே நான் வேலை பார்த்த இடத்தில் அந்த மாடியில் இருந்த மூன்று கம்பெனிக்கும் சேர்த்துப் பெண்களுக்கு ஒரே ஒரு கழிவறை, அதன் சாவி இன்னொரு கம்பெனி ரிசப்ஷனில் ஆணியில் தொங்கும். ஒவ்வொரு தடவையும் முன்பின் தெரியாத ஆளிடம் போய்ச் சாவி கேட்க வேண்டும். தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டோம். நான் உட்பட இரண்டு பேருக்கு யூரின் இன்பெக்‌ஷன் வந்தது. அந்த ஆபீஸ் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும், சுவரில் செடியெல்லாம் வைத்திருப்பார்கள்.

இரண்டாவது, இரவு. இடத்தைப் பகல் 11 மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வராதீர்கள். ராத்திரி 10 மணிக்கு, கட்டடத்தின் வாசலில் இருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து பாருங்கள். வீட்டுப் பெண்கள் யாரையாவது கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது, உங்கள் கண்ணுக்குப் படாதது அவர்கள் கண்ணுக்குப் படும். எந்தத் தெருவிளக்கு எரியவில்லை, எந்த முக்கில் ஆட்கள் கூட்டமாக நிற்கிறார்கள் என்பதெல்லாம்.

ஆடிட்டர்_ஆபீஸ்_குமாஸ்தா (ஜனவரி 4, மாலை 6:45)

மேலே சகோதரி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இரவு 8 மணிக்கு மேல் பெண்கள் வேலை செய்ய எழுத்துப்பூர்வ சம்மதம் வாங்க வேண்டும், போக்குவரத்து ஏற்பாடும் செய்து தரவேண்டும். 24 மணி நேரமும் கடை, நிறுவனங்களைத் திறந்து வைக்கலாம் என்று 2019ல் வந்த அரசாணையிலேயே இருக்கும் நிபந்தனை இது. அதனால் வேன் செலவையும் வாடகைக் கணக்கில் சேருங்கள். சரவணம்பட்டியில் இருந்து சூலூருக்குப் போகும் வேனும் பீளமேட்டில் இருந்து சூலூருக்குப் போகும் வேனும் ஒன்றல்ல.

அப்புறம் வரி. நீங்கள் ஜிஎஸ்டி பதிவு பெற்றவர், வாத்தியார் பெறாதவராக இருப்பார். 2024 அக்டோபர் 10ஆம் தேதியிலிருந்து பதிவில்லாத ஓனரிடம் கடை, ஆபீஸ் வாடகைக்கு எடுத்தால் 18 சதவீத வரியை வாடகைதாரரே ரிவர்ஸ் சார்ஜில் கட்ட வேண்டும். வீடுதானே என்றாலும் தப்பாது, குடியிருப்புக்கு அதே விதி 2022 ஜூலையிலேயே வந்துவிட்டது. 38,000க்கு 6,840 ரூபாய். கையில் இருக்கும் கிரெடிட்டை (முன்பு கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமை) வைத்து இதை ஈடுகட்ட முடியாது, பணமாகத்தான் கட்ட வேண்டும், கட்டிய பிறகு கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்கு வருமானம் முழுக்க ஏற்றுமதி என்பதால் அந்தக் கிரெடிட்டை ரீஃபண்டு கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கும், அது வரும்போது வரும். வாடகை மாதம் 50,000க்கு மேல் போனால் 10 சதவீதம் டிடிஎஸ் (ஓனரின் வருமான வரிக்காக நாமே முன்கூட்டிப் பிடித்துக் கட்டுவது) பிடிக்க வேண்டும். காந்திபுரம் என்றால் மாதம் 5,600 பிடித்துவிட்டு மீதியைத்தான் ஓனருக்குக் கொடுப்பீர்கள். இதை முதல் நாளே ஓனரிடம் சொல்லிவிடுங்கள். முதல் மாதம் பிடித்த பிறகு சொன்னால் சண்டை வரும், நாங்கள் பார்க்காததா.

சிங்காநல்லூரான் (ஜனவரி 5, இரவு 11:50)

அளந்துவிட்டு, இரவு 10 மணிக்கும் போய்ப் பார்த்துவிட்டு இப்போதுதான் வந்தேன். மனைவியையும் கூட்டிப்போனேன்.

காந்திபுரம் 1,400 என்றது உள்ளே 1,010. சரவணம்பட்டி 1,200 என்றது 820. பராமரிப்போடு மாதம் 72,000 கொடுக்கிற இடம், மேசை போடுகிற சதுரடிக்கு 88 ரூபாய் விழுகிறது. பீளமேடு வீடு சொன்ன மாதிரியே 1,300க்குப் பக்கத்தில் வந்தது. வாத்தியார் எனக்கு டேப்பின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொடுத்தார். "நான் கணக்கு வாத்தியாருங்க, தப்பா சொல்ல மாட்டேன்" என்றார்.

பெரிய விஷயம் காந்திபுரத்தில்தான். இரவு 9:50க்கு அங்கே போனால் கட்டடமே இருட்டு. தரைத்தளத்தில் இருக்கும் பாத்திரக்கடை 8:30க்கு மூடும்போது மாடிப்படிக்குப் போகும் ஷட்டரையும் சேர்த்து இறக்கிப் பூட்டிவிடுகிறார்கள். வாட்ச்மேனிடம் கேட்டால், "மேலே இருந்த கம்பெனிக்காரங்க ஒரு நாள் லேட்டாகி உள்ளேயே மாட்டிக்கிட்டாங்க, போன் போட்டுக் கூப்பிட்டாங்க" என்று சிரிக்கிறார். ஓனருக்கு போன் செய்தேன், சாவி ஒன்று தருகிறேன் என்றார். சாவி இருந்தாலும் அந்த ஷட்டரை இரண்டு ஆண்பிள்ளைகள் சேர்ந்துதான் தூக்க வேண்டும். என் மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "உள்ளே இருக்கும்போது தீப்பிடிச்சா?"

காந்திபுரம் கேன்சல். பகலில் இரண்டு தடவை போயிருந்தேன், இது கண்ணில் படவே இல்லை.

உக்கடம்_பைபாஸ் (ஜனவரி 6, காலை 8:00)

உங்க வீட்டம்மாவுக்கு ஒரு கும்பிடு.

தனிமேசை (ஜனவரி 6, காலை 11:20)

யாரும் கோவொர்க்கிங் பற்றிப் பேசவில்லையே. நான் மூன்று வருடமாக அதில்தான் இருக்கிறேன், ஆறு பேர். 6,500 என்பது அதிகம் போலத் தெரியும், ஆனால் கரன்ட், ஜெனரேட்டர், இன்டர்நெட், காபி, கூட்டிப் பெருக்குவது, ரிசப்ஷன் எல்லாம் அதற்குள் அடக்கம். இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்தால் வெளியே வந்துவிடலாம். ஆறு மாதத்தில் ஒரு கிளையன்ட் போய்விட்டால் நாலு சீட்டைக் குறைத்துக்கொள்ளலாம், சொந்தமாக எடுத்த ஆபீஸில் நாலு சீட்டுக்கான தரையை ஓனரிடம் திருப்பிக் கொடுக்க முடியுமா? 13 பேர் என்றால் 84,500, ஜிஎஸ்டி சேர்த்து 99,710, அந்த வரியும் கிரெடிட் வரும். மூன்று வருடம் இருக்கப்போவது உறுதி என்றால் சொந்த ஆபீஸ், உறுதியில்லை என்றால் இதுதான்.

ஷிப்ட்_முடிஞ்சாச்சு (ஜனவரி 6, மதியம் 12:05)

பில்லிங்குக்கு அது சரிவராதுங்க. நோயாளியின் பெயர், பிறந்த தேதி, என்ன நோய் எல்லாம் திரையில் ஓடும். அமெரிக்காவின் ஹிப்பா சட்டப்படி அதை வெளியாள் பார்க்கக் கூடாது. பொது ஹாலில் பின்னாடி ஒருவர் காபியோடு போவார், வருவார். தனியாகப் பூட்டக்கூடிய கேபின் கொடுத்தால் பரவாயில்லை, ஆனால் அதற்கு சீட் ரேட்டே வேறு. பொது வைஃபை விஷயம் இன்னொரு தலைவலி.

தனிமேசை (ஜனவரி 6, மதியம் 12:30)

அதை நான் யோசிக்கவில்லை. நாங்கள் டிசைன் வேலை, எங்கள் திரையை யார் பார்த்தாலும் சந்தோஷம்தான்.

சிங்காநல்லூரான் (ஜனவரி 6, மாலை 5:10)

ஆமாம், எங்கள் கிளையன்ட் அக்ரிமென்ட்டிலேயே தனி அறை, உள்ளே வருகிறவர் போகிறவர் பதிவு, கேமரா எல்லாம் கேட்டிருக்கிறார்கள். தனி கேபினுக்கு விலை கேட்டேன், சீட்டுக்கு 8,500 என்றார்கள். அதோடு அதை விட்டுவிட்டேன்.

சரவணம்பட்டியா, பீளமேடா, அவ்வளவுதான் பாக்கி. மனசு வாத்தியார் வீட்டுப் பக்கம் போகிறது. அவர் ஒரே ஒரு கண்டிஷன் போடுகிறார்: கரன்ட் கனெக்‌ஷன் வீட்டு இணைப்பாகவே இருக்கட்டும், மாற்ற வேண்டாம் என்கிறார்.

லைன்மேன்_மகன் (ஜனவரி 6, மாலை 7:25)

நில்லுங்க நில்லுங்க. அந்தக் கண்டிஷனுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வீட்டு இணைப்பில் ஆபீஸ் நடத்தினால், மின்சாரச் சட்டம் 2003, 126ஆம் பிரிவில் அது அனுமதியில்லாத பயன்பாடு. என்றைக்கிலிருந்து நடக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் பின்னோக்கி 12 மாதத்துக்கு, உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போட்டுக் கொடுப்பார்கள். 13 கம்ப்யூட்டரும் ஏசியும் ஓடும் வீட்டை ரீடிங் எடுக்க வருகிறவர் இரண்டே பில்லில் கண்டுபிடித்துவிடுவார். இணைப்பு வாத்தியார் பெயரில் இருக்கிறது, நோட்டீஸ் அவருக்குப் போகும், அவர் உங்களைப் பார்ப்பார், நல்ல உறவு அன்றோடு முடிந்தது.

அதைவிட முக்கியம் மின்சுமை. மீட்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள், சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா, அனுமதித்த சுமை எத்தனை கிலோவாட் என்று பில்லிலேயே இருக்கும். ஒன்றரை டன் ஏசி நாலு போட்டால் அதுவே 6 கிலோவாட் இழுக்கும். கம்ப்யூட்டர்களுக்கு இன்னொரு 2. வீட்டுக்காக இழுத்த சிங்கிள் பேஸ் வயர் சித்திரை மாதம் மதியம் 2 மணிக்கு என்ன ஆகும் என்று எங்கப்பாவிடம் கேட்டால் அரைமணி நேரம் கதை சொல்வார். சுவருக்குள் இருக்கும் வயர் எத்தனை வருடப் பழசு என்று ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, மாதப் பராமரிப்பு மின்தடை. அந்த ஏரியா எந்தத் துணைமின் நிலையத்தில் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், காலை 9க்குப் போனால் சாயங்காலம் 4, 5 ஆகும் வர. இன்வர்ட்டர் அவ்வளவு நேரம் தாங்காது. ஜெனரேட்டர் வைக்கிறீர்கள் என்றால் அந்தச் சத்தத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் பொறுப்பாரா என்பதையும் யோசியுங்கள், ஏற்கெனவே ஒரு பக்கத்து வீட்டுக்காரரிடம் இருந்துதான் தப்பித்து வருகிறீர்கள்.

நாலாவது_ஆபீஸ் (ஜனவரி 6, இரவு 8:40)

வாத்தியார் மாற்ற வேண்டாம் என்பதற்குக் காரணம் கரன்ட் பில் இல்லை தம்பி, அதை நீங்கள்தானே கட்டப்போகிறீர்கள். கமர்ஷியல் ஆக்கினால் கார்ப்பரேஷன் சொத்து வரியும் ஏறும், அதுதான் பயம். அந்த வித்தியாசத்தை நீங்கள் ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். வாடகையில் இரண்டாயிரம், மூவாயிரம் சேர்த்துக் கொடுத்தாலும் உங்களுக்குக் கட்டுபடி ஆகும். இப்போதே பேசுங்கள். மார்கழியில் வாடகைக்கு வருகிறவர் குறைவு, ஓனர்கள் இறங்கி வருவார்கள். தை பிறந்துவிட்டால் இன்னும் நாலு பேர் அந்த வாசலில் நிற்பார்கள்.

ஏமாந்தவன்_2021 (ஜனவரி 6, இரவு 9:55)

பேச்சு முடிந்து அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், சொத்தின் மேல் அடமானம் இருக்கிறதா என்று காட்டும் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிடுங்கள். பதிவுத்துறை இணையதளத்திலேயே காசில்லாமல் பார்க்கலாம்.

நான் பார்க்கவில்லை. நல்ல கட்டடம், மெயின் ரோடு, ஓனர் காரில் வருவார், கைநிறைய மோதிரம். எட்டு மாத அட்வான்ஸ் கொடுத்து ஐந்து லட்சத்துக்கு உள்வேலை செய்தேன். ஒன்றரை வருடம் கழித்து ஒரு நாள் காலை கதவைத் திறக்கப் போனால் சுவரில் பேங்க் நோட்டீஸ். கட்டடமே அடமானத்தில் இருந்திருக்கிறது, ஏலத்துக்கு விட்டுவிட்டார்கள். ஏலம் எடுத்தவர் எனக்குக் கொடுத்தது முப்பது நாள். அட்வான்ஸை அவரிடம் கேட்டால் "நீங்க யார்கிட்ட கொடுத்தீங்களோ அவங்ககிட்ட கேளுங்க" என்றார். மோதிரக்காரர் போனை எடுக்கவில்லை. ஏசி ஐந்தையும் கழற்றிக்கொண்டு வந்தேன், கண்ணாடித் தடுப்பைக் கழற்ற முடியவில்லை, கழற்றினால் உடைகிறது. இப்போதும் அந்த ரோட்டில் போனால் தலையைத் திருப்பிக்கொள்வேன், உள்ளே யாரோ என் கண்ணாடியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அடமானம் இருந்தாலே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, பாதிக் கட்டடம் லோனில்தான் நிற்கிறது. தெரிந்து எடுங்கள், அட்வான்ஸைக் குறையுங்கள்.

வாஸ்து_வடகிழக்கு (ஜனவரி 7, காலை 7:10)

வாசல் எந்தப் பக்கம் என்று இதுவரை ஒருவர் கூடக் கேட்கவில்லை. தெற்கு வாசல் என்றால் பணம் தங்காது.

லைன்மேன்_மகன் (ஜனவரி 7, காலை 7:30)

மேற்குச் சுவர் முழுக்க கண்ணாடி என்றாலும் பணம் தங்காதுங்க, ஏசி பில்லில் போய்விடும். அந்த அளவுக்கு நானும் வாஸ்து நம்புகிறேன்.

மத்தளம்பாறை_பக்கம் (ஜனவரி 7, காலை 10:15)

இவ்வளவு பாடு எதற்கு? தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஸோஹோ 2011லேயே ஆபீஸ் போட்டுக் காட்டிவிட்டது. இப்போது தஞ்சாவூர், சேலம், விழுப்புரத்தில் எல்லாம் நியோ டைடல் பார்க் என்று சின்ன ஐடி பார்க் வந்துவிட்டது. சின்ன ஊருக்குப் போங்க, ஆளும் நிற்பார்கள், வாடகையும் குறைவு.

நாலாவது_ஆபீஸ் (ஜனவரி 7, காலை 10:50)

சொந்த ஊர் தென்காசியாக இருந்தால் நானே போயிருப்பேன். ஆனால் அங்கே நடந்ததும் இதேதான் அண்ணாச்சி, ஆள் இருக்கும் இடத்துக்கு ஆபீஸ் போனது. இவருடைய ஆட்கள் சிங்காநல்லூரில் இருக்கிறார்கள்.

சிங்காநல்லூரான் (ஜனவரி 9, இரவு 10:30)

வாத்தியாரிடம் பேசினேன். அண்ணா சொன்ன மாதிரியே, சொத்து வரிதான் அவர் பயம். வாடகையை 41,000 ஆக்கிக்கொண்டு கமர்ஷியலுக்கும் த்ரீ பேஸுக்கும் மாற்ற ஒத்துக்கொண்டார், மாற்றும் செலவு என்னுடையது. வில்லங்கம் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார், ஹால் வயரிங்கை முழுக்க மாற்றச் சொல்கிறார். ஐந்து பேர் வரும் பக்கத்திலிருந்து இரண்டு டவுன் பஸ் இருக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் நிற்குமா என்று எதிரில் பேக்கரிக்காரரைக் கேட்டேன், நிற்காதாம். லங்கா கார்னர், கிக்கானி பாலம் மாதிரி மழையில் தண்ணீர் நிற்கும் சுரங்கப்பாதை எதையும் தாண்ட வேண்டியது எங்கள் ஆட்களில் இரண்டு பேர்தான்.

இப்போது அக்ரிமென்ட். வாத்தியார் 11 மாதம் போட்டால் போதும் என்கிறார், எல்லோரும் அப்படித்தானே போடுகிறார்கள் என்று.

ஆடிட்டர்_ஆபீஸ்_குமாஸ்தா (ஜனவரி 10, காலை 9:20)

எல்லோரும் 11 மாதம் போடுவது சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகாமல் இருக்கத்தான். லட்சக்கணக்கில் போட்டு உள்வேலை செய்துவிட்டுப் பதினோராவது மாதம் எங்கே நிற்பீர்கள்? மூன்று வருடம் போட்டுப் பதிவு செய்துவிடுங்கள். அதுபோகத் தமிழ்நாட்டில் 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபிறகு ஆபீஸ், கடை வாடகையும் அதற்குள் வருகிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை ஆணையத்திலும் பதிய வேண்டும், ஆன்லைனிலேயே செய்யலாம். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான் என்று அந்தச் சட்டம் சொல்கிறது, ஆனால் இரண்டு பேரும் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அதுதான் செல்லும். அந்த ஒரு வாசகத்தால்தான் இன்னமும் பத்து மாதம் கேட்கிறார்கள்.

நாலாவது_ஆபீஸ் (ஜனவரி 10, காலை 9:55)

லாக்-இன் (இத்தனை காலம் விலகக் கூடாது என்ற நிபந்தனை) எழுதும்போது யாருக்குப் பூட்டு என்று பாருங்கள். பெரும்பாலும் ஓனர் பக்கத்து ஆள் கொண்டுவரும் நகலில் நீங்கள் மூன்று வருடம் காலி செய்யக் கூடாது, ஓனர் மூன்று மாத நோட்டீஸில் காலி செய்யச் சொல்லலாம் என்று இருக்கும். அதைத் திருப்பிக் கேளுங்கள். மூன்று வருடத்துக்கு ஓனர் எழுப்பக் கூடாது, நீங்கள் ஒரு வருடம் கழித்து மூன்று மாத நோட்டீஸில் போகலாம். வாத்தியார் ஒத்துக்கொள்வார், அவருக்கு வேண்டியது நிம்மதி.

வாடகை எப்போது எத்தனை சதவீதம் ஏறும் என்று எழுதுங்கள். உள்வேலை நடக்கும் மாதத்துக்கு வாடகை கிடையாது என்று கேளுங்கள், ஒரு மாதம் கிடைக்காவிட்டாலும் பதினைந்து நாளாவது கிடைக்கும். காலி செய்யும்போது பெயின்டுக்கு என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடிப்பது நம்ம ஊர் வழக்கம், அதற்கு மேல் பிடிக்கக் கூடாது என்றும் அட்வான்ஸைச் சாவி கொடுக்கும் அன்றே தரவேண்டும் என்றும் எழுதுங்கள். ஏசியும் தடுப்பும் யாருடையது என்பதும் எழுத்தில் வரட்டும், மேலே ஒருவர் கண்ணாடியை விட்டுவிட்டு வந்த கதை பார்த்தீர்கள். சாவி வாங்கும் நாளில் எல்லாச் சுவரையும் போனில் வீடியோ எடுத்து வாத்தியாருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். சண்டைக்கு இல்லை, மூன்று வருடம் கழித்து அந்த விரிசல் முன்னாலேயே இருந்ததா என்று இரண்டு பேருக்குமே ஞாபகம் இருக்காது.

ஷிப்ட்_முடிஞ்சாச்சு (ஜனவரி 10, மதியம் 1:15)

கழிவறை எத்தனை?

சிங்காநல்லூரான் (ஜனவரி 10, மதியம் 1:40)

உள்ளே இரண்டு, வெளியே பின்பக்கம் ஒன்று. உள்ளே இருக்கும் இரண்டும் பெண்களுக்கு, சாவி எல்லாம் கிடையாது, உள்தாழ்ப்பாள்தான். ஆண்கள் ஐந்து பேரும் பின்பக்கம் போகிறோம். மழைக்கு ஒரு தகரக் கூரை போடச் சொல்லியிருக்கிறேன்.

சிங்காநல்லூரான் (ஜனவரி 29, இரவு 9:15)

நேற்றுப் பால் காய்ச்சினோம். மூன்று வருட அக்ரிமென்ட், பதிவு முடிந்தது. முதல் பதினைந்து நாள் வாடகை இல்லை. த்ரீ பேஸ் இன்னும் வரவில்லை, விண்ணப்பம் போட்டிருக்கிறோம், அதுவரை இரண்டு ஏசி போதும், தை மாதம்தானே. வாத்தியார் வந்து ஒவ்வொரு மேசையாகப் பார்த்துவிட்டு, இங்கேதான் தன் மகள் பத்தாம் வகுப்புக்குப் படித்தாள் என்று சர்வர் ரேக் வைத்திருக்கும் மூலையைக் காட்டினார். சூலூரில் இருந்து வரும் பெண் ஒருவர், இப்போது வீட்டுக்கு இருபது நிமிடம் முன்னாடி போகிறேன் என்றார். அம்மா மாடியில் துணி காயப்போட்டுவிட்டார்.

எல்லோருக்கும் நன்றிங்க. டேப் என்னிடம்தான் இருக்கிறது, கோவையில் யாருக்காவது வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளலாம்.

தையல்_மிஷின்_சர்வீஸ் (ஜனவரி 30, காலை 8:05)

அண்ணா, இழை முழுக்கப் படித்தேன். அந்த காந்திபுரம் இரண்டாவது மாடி இன்னும் காலியாகத்தான் இருக்கிறதா? எங்களுடையது ஸ்பேர் பார்ட்ஸ் ஆபீஸ், மூன்று பேர், ஏழு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவோம். பாதி ஹாலை மட்டும் தருவாரா என்று கேட்க வேண்டும். நம்பர் இருந்தால் தனிச் செய்தியில் அனுப்புங்கள், டேப்பையும் வாங்கிக்கொள்கிறேன்.